மதகில் கை வைத்து நின்றவள்

தம்பி,

நீ அனுப்பிய தாள் பன்னிரண்டு நாளாக என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. இரண்டு தடவை சட்டையோடு துவைக்கப் போய், உன் அம்மா பார்த்து எடுத்து, மடிப்பை நீவித் திரும்ப என் மேஜையில் வைத்தாள். "கையெழுத்துப் போடுறதுக்கு இந்த மனுசனுக்கு நாள் நட்சத்திரம் பாக்கணும் போல" என்று எனக்குக் கேட்கும்படி சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள். நீயும் லண்டனிலிருந்து மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச வாய் வரவில்லை.

மாதக் கடைசிக்குள் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டும், நான் கேமரா முன்னால் பேசியதைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று கையெழுத்து இருந்தால்தான் முடியும் என்கிறாய். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசியது பொய். இதை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஊர் உலகம் பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திப் பொய் சொன்னவன், உண்மையை மட்டும் கவருக்குள் போட்டு ஒளித்து அனுப்புவது என்ன நியாயம்? பத்திரிகைக்கும் ஒரு நகல் அனுப்புகிறேன், எல்லோரும் படிக்கட்டும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இனி யாரிடம் என்ன பேர் வாங்கப் போகிறேன்?

உன் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் கேட்பவர்களிடம், "ரெண்டாம் உலக யுத்த காலத்துல எடுத்த பழைய கலர் பிலிமையெல்லாம் தேடிப் பிடிச்சு, அழுக்கெடுத்துப் படம் பண்றான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். நீ எடிட் செய்த படங்களை ஒன்று விடாமல் பார்த்தும் இருக்கிறேன். ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் குண்டு விழுந்து பாதி வீடு இல்லை, மீதிப் பாதியில் ஒருத்தி சிவப்புக் கவுன் போட்டுக்கொண்டு பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். பிள்ளைகள் ஐஸ் தின்கிறார்கள். பின்னால் வயலின். "யுத்தத்திலும் வாழ்க்கை நிற்கவில்லை" என்று ஒரு குரல். முதல் படத்தில் எனக்குக் கண் கலங்கியது. இரண்டாவதில் கொட்டாவி வந்தது. மூன்றாவதில் எரிச்சல். என்னப்பா இது, எல்லாரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு நீ சொன்னாய்: "அழுவுற படம் எக்கச்சக்கமா இருக்குப்பா. கலர்ல சிரிக்கிறதுதான் அபூர்வம்." அபூர்வமாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் கலர் பிலிம் வாங்க முடிந்தவன் எத்தனை பேர்? அவன் தன் வீட்டுத் தோட்டத்தையும் தன் பிள்ளைகளையும் எடுத்திருப்பான், அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மகன் வருத்தப்படுவானே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் சித்திரையில் நீ வந்தாய். கேமராவும், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் கூட. தஞ்சாவூர்ப் பக்கம் பட்டாள முகாமில் இருந்த ஒரு துரை எடுத்த பிலிம், அவர் பேரப்பிள்ளைகள் வீட்டுப் பரணில் கிடந்ததாம். பெட்டியின் மேல் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கம் போய்விட்டது என்றாய். கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாய். நாற்பது வினாடி. புது ஆற்று வாய்க்கால், கல் மதகு, அதை ஒட்டி ஒரு வயல், பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், கத்திரிப்பூ நிறம் என்று புடவைகள் பளீரென்று இருக்கின்றன. முன் வரிசையில் பதினாறு வயது இருக்கும் ஒரு பெண் நிமிர்கிறாள், பின்னால் வரப்புப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள், பிறகு கேமரா பக்கம் திரும்பி வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அவள் இடது முன்கையில் பச்சை குத்திய தேள். நான் "அத்தை!" என்று கத்தியே விட்டேன்.

உனக்குத் தெரிந்த அத்தைப்பாட்டிதான். என் அப்பாவின் அக்காள், கல்யாணம் செய்துகொள்ளாமல் நம் வீட்டிலேயே இருந்து உன்னை இடுப்பில் சுமந்தவள். நீ அந்தத் தேளை விரலால் தேய்த்து அழிக்கப் பார்ப்பாய். அது அழியாமல் இருந்ததால்தான் அவளைக் கண்டுபிடிக்க முடிந்தது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்கும் அழுகை வந்தது. அது வரைக்கும் நடந்ததெல்லாம் நிஜம்.

உடனே நீ கேமராவை என் முகத்துக்குத் திருப்பினாய். "சொல்லுங்கப்பா, இது யாரு, எந்த வயல், யுத்த காலத்துல எப்படி இருந்தீங்க?" அந்த நேரம் பார்த்து எதிர் நாற்காலியில் சம்பந்தி, உன் மாமனார், உட்கார்ந்திருந்தார். மன்னார்குடிப் பக்கம் நான்கு தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனிதர், ஒரு நாளும் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை. ஆனாலும் அவர் எதிரில் நாற்காலியில் சாய்ந்து உட்கார எனக்கு இன்னும் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் வாய் தானாகப் பேசியது. "எங்க அத்தை. எங்க வயல்தான். யுத்தம்னு பேரு, எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சீலையப் பாருங்க, நடவுக்கே இப்படிக் கட்டிக்கிட்டுப் போவாங்க" என்றேன். ஹெட்போன் மாட்டிய பெண் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். சம்பந்தி தலையாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் உங்களுக்கெல்லாம் காபி கொண்டுவரச் சொன்னேன்.

இந்தக் குணம் எனக்குப் புதிதில்லை. உனக்கு ஒன்பது வயதில் ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ இன்றைக்கும் கூடத்தில் தொங்குகிறது. நீ போட்டிருக்கிற கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. உனக்குத் தொளதொளவென்று இருந்ததால் முதுகில் எட்டு பின் குத்தி இழுத்துப் பிடித்திருந்தார். முன்னாலிருந்து பார்த்தால் கலெக்டர் பிள்ளை. எடுத்து முடித்ததும் கழற்ற மாட்டேன் என்று நீ கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாய், நான் முதுகில் ஒன்று வைத்துக் கழற்றினேன். அதற்குப் பிறகு, கோட்டு எங்கே தைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் தஞ்சாவூரில் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு உன்னை அடித்ததற்கு இன்றைக்கு வருத்தப்படுகிறேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் முப்பது வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவன். உன் நாற்பது வினாடியில் ஓரமாக ஒரு ஏர் போகிறதே, அந்த மாடுகளின் கொம்பைப் பார்த்தாயா? ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். அன்றைக்கு அடித்த பெயிண்ட், மினுமினுக்கிறது. நடவு நடக்கிறது புரட்டாசியில். கொம்புக்கு வர்ணம் அடிக்கிறது மாட்டுப் பொங்கலுக்கு, தை மாசம். புரட்டாசியில் எவன் கொம்புக்கு வர்ணம் அடிப்பான்? கலர் படம் எடுக்க வந்த துரைக்காக அடித்தது. இது கருப்பு வெள்ளையாக இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. உன் கம்பெனியில் இத்தனை பேர் படித்தவர்கள் உட்கார்ந்து அழுக்கு எடுக்கிறீர்களே, ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையா? நீ புது ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன், உனக்காவது?

மாட்டுக்கு வர்ணம் அடித்தவர்கள் மனிதர்களை விடுவார்களா? அந்த வயல் நம்முடையது இல்லை. பண்ணை வயல். நம் ஆட்கள் அந்தப் பண்ணையில் ஆள்பட்டு அடிமையாகக் கிடந்தவர்கள். இதில் கொஞ்சம் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நானும் வளர்த்தேன். புடவைகளும் நம்முடையவை இல்லை.

அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப் புடவையை வாங்கினால் உடனே முந்தானையை விரித்து மோந்து பார்ப்பாள், நினைவிருக்கிறதா? நீயும் அவள் மாதிரி உன் புதுச் சட்டையை மோந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பாய். நான் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவையையும் அப்படித்தான் மோந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கடைக்காரன் என்ன சாணியில போட்டா வச்சிருந்தான்?" என்று நாலு பேர் எதிரில் கத்தினேன். அவள் கோபப்படவில்லை. புடவையை மடியில் வைத்துக்கொண்டு, அது வரைக்கும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அந்த வருசம் துணியே இல்லடா. காசு வச்சிருந்தவனுக்கே கூப்பன்ல கெஜக்கணக்குதான். நமக்கு ஏது? ஆத்தாளுக்கும் எனக்குமா ஒரே சீல. நான் கட்டிக்கிட்டு நடவுக்குப் போனா, ஆத்தா கோணியச் சுத்திக்கிட்டு குடிசக்குள்ள கெடக்கும். இருட்டுனப்புறம் நான் வந்து அவுத்துக் குடுத்தாத்தான் அது தண்ணிக்கிப் போவும். பகலப் பாத்து மாசக்கணக்கா ஆச்சு அதுக்கு. அப்பத்தான் துரை படம் புடிக்க வந்தாரு. சேத்துக் கலர்ல சீல கட்டுனா படத்துல ஒண்ணும் தெரியாதுன்னாராம். பண்ணைக் காரியக்காரரு பொங்கலுக்குக் குடுக்க வச்சிருந்த சீலக் கட்ட அவுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்து, கட்டிக்கிட்டு எறங்குங்கன்னாரு. நான் வூட்டுக்கு வந்து புதுச கட்டிக்கிட்டு, பழச அங்கயே அவுத்துப் போட்டுட்டுப் போனேன். ஆத்தா அத எடுத்துக் கட்டிக்கிட்டு வெளிய வந்துருச்சு. மதகுல கைய வச்சிக்கிட்டு நிக்கிது. வெயிலு கூசுது, கண்ண இடுக்கிக்கிட்டு என்னையே பாக்குது. ரெண்டு பேரும் ஒண்ணா வெயில்ல நின்னது அன்னைக்கித்தான். அதத் திரும்பிப் பாத்துட்டுத்தான்டா சிரிச்சேன். துரையப் பாத்தா சிரிப்பாங்க?"

பொழுது சாய்ந்ததும் அந்தப் பெண்களை வாய்க்காலிலேயே நிறுத்திப் புடவையை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்றுக் கட்ட வைத்திருந்த கோணியைச் சுற்றிக்கொண்டு வீடு வந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு அதே புடவைகளைத் துவைத்து மடித்துக் கோடித் துணி என்று கொடுத்தார்களாம். "முந்தியில சேறு அப்படியே இருந்துச்சு. எங்க சேத்த எங்களுக்கே கோடின்னு குடுத்தாங்கடா" என்றாள் அத்தை. அந்தப் பொங்கலுக்கு அவள் ஆத்தா இல்லை. மார்கழியில் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். அப்போது என் அப்பாவுக்கு எட்டு வயது, தாயின் முகம் தனக்கு நினைவில் இல்லை என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் என்று ஒன்று கிடையாது. ஏழை வீட்டில் யார் எடுப்பார்கள்?

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. சித்திரையில் லேப்டாப்பில் நீ காட்டிய படம் சதுரமாக இருந்தது. மேலே வரப்பு தெரிந்தது, மதகு முழுதாகத் தெரிந்தது. மதகில் கை வைத்துக்கொண்டு, மண் நிறப் புடவையில் ஒருத்தி நின்றாள். தோள்பட்டையில் ஒரு கை அகலத்துக்கு நீலத் துணி ஒட்டுப் போட்டிருந்தது. அந்த நீல ஒட்டைத் தைத்தவள் அத்தை. பட்டாளத்துக்காரன் வீசிப்போன துணியில் கிழித்துத் தைத்ததாக, புடவைக் கதையைச் சொன்ன அன்றைக்கே சொல்லியிருந்தாள். என் அப்பா கடைசி வரை தேடிய முகம், சுண்டு விரல் நகம் அளவுக்கு, கண்ணை இடுக்கிக்கொண்டு எதிரில் நிற்கிறது. நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் ஒரே புடவைக் கதையைச் சொல்ல வேண்டும், கோணியைச் சொல்ல வேண்டும், சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் போலச் சும்மா இருந்துவிட்டேன்.

போன மாதம் நீ முடித்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். டிவி அகலத்துக்கு நிறைந்து நிற்கிறது. சிவப்பையும் மஞ்சளையும் இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கிறாய். என் குரல் ஓடுகிறது, "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல". அத்தை நிமிர்ந்து பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். அங்கே யாரும் இல்லை. உடனே உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

"மேல வரப்புல இருந்ததெல்லாம் எங்கடா?"

"பழைய படம் சதுரமா இருக்கும்ப்பா. இப்ப டிவி அகலம். மேலயும் கீழயும் வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டுற எடத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்தியா?"

"ஒண்ணும் இல்லப்பா. கொஞ்சம் வானம், யாரோ ஒருத்தங்க நிக்கிறாங்க. கலரும் டல்லு. ஃபீலைக் கெடுக்குது."

யாரோ ஒருத்தங்க. உன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு உன் அம்மா கொண்டுவைத்த சோற்றைத் தொடவில்லை. அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. நீ கத்தரி வைத்தது போன மாதம், நான் வைத்தது சித்திரையில். எனக்குத் தெரிந்தும் சொல்லாததை உனக்குத் தெரியவில்லையே என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்? என்மேல் இருக்கிற கோபம்தான் இத்தனை நாளாகப் போனில் உன்மேல் விழுந்தது. ஆனாலும் உன்னை முழுதாக விட மாட்டேன். வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்தப் பெண் யாரென்று கேட்டிருக்கலாம். கலர் மங்கலாக இருப்பவர்கள்தான் அந்தக் காலத்தில் அதிகம் பேர். உனக்கு இனி இந்த மாதிரி எத்தனையோ பெட்டிகள் வரும். ஊரும் தேசமும் வேறாக இருந்தாலும், யார் கட்டச் சொன்ன துணி இது, பொழுது சாய்ந்ததும் யாரிடம் திரும்பிப் போனது என்று கேட்டுவிட்டு வெட்டு. அதற்கு நேரம் இல்லை என்று உன் கம்பெனி சொன்னால், நேரம் ஆகும் என்று நீ சொல். உனக்கு அந்தத் தைரியம் இருக்கிறது, நான்தான் சொல்லிக் கொடுக்கத் தவறிவிட்டேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிப் போய்ச் சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் காதுக்கு முதலில் என் வாயிலிருந்து போக வேண்டும். முழுக்கக் கேட்டார். மேல்துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அப்புறம், "எந்தப் பண்ணைங்க அது? எங்க பக்கம் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கு முதலில் சுருக்கென்றது. பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தால், அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கிறது, நான் இத்தனை வருஷம் என் பயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்து வரும்போது அவர் வாசல் வரை வந்து, "அந்த அம்மாவப் படத்துல திரும்பப் போடச் சொல்லுங்க. மாப்பிள்ளைகிட்ட நானும் சொல்றேன்" என்றார். அவரும் போன் செய்வார். எடு.

தாளில் கையெழுத்துப் போட்டு இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஆனால் என் பேச்சுக்கு நேராகக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், அதை எடுத்துவிடு. வேறு பேச்சு வேண்டுமென்றால் வா, அதே நாற்காலியில் உட்கார்ந்து, சம்பந்தியையும் எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொல்கிறேன். வர முடியாவிட்டால் பேச்சே வேண்டாம். டிவியில் இரண்டு பக்கமும் கருப்பாகக் கிடந்தாலும் கிடக்கட்டும், அந்த நாற்பது வினாடியை மட்டும் சதுரமாகவே விட்டுவிடு. அத்தை திரும்பிப் பார்க்கிற இடத்தில் அவள் ஆத்தா இருக்க வேண்டும்.

அந்த யுத்தம் முடிவதற்குள் அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு பகல்தான், தம்பி. வெளியே வந்து நிற்கிறாள். மறுபடியும் உள்ளே போகச் சொல்லாதே.

அப்பா